திர்த்தா எம்புல்: பாலியில் ஒரு தீர்த்தமாடல்

மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்தபிறகுதான் பாலிக்குக் கிளம்பினோம். கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து டென்பசார். "அங்கயும் நம்ம சாமிதானாமே கண்ணு, ஒரு நாளாச்சும் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று கோபியில் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு நாளைத்தான் எழுதுகிறேன். கடற்கரைப் படங்களெல்லாம் இன்ஸ்டாகிராமில் இருக்கின்றன.

டிரைவர் முதலில் லெம்புயாங் கோயிலுக்குப் போகலாம் என்றார். அங்கே எடுக்கிற 'சொர்க்க வாசல்' படங்களில் கீழே ஏரி மாதிரித் தெரிவது, போன் கேமராவுக்கு அடியில் பிடிக்கிற கண்ணாடிதான். அதற்காக வரிசையில் நிற்கப் பொறுமையில்லை. உபுத் பக்கம் விடச் சொல்லிவிட்டோம்.

வழியில் கோவா கஜா. பாறையில் செதுக்கிய பெரிய அரக்க முகம், அதன் வாய்தான் குகை வாசல். உள்ளே ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் வரிசையாக மூன்று லிங்கங்கள். பிள்ளையாரைக் கண்டதும் என் வீட்டுக்காரர் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட, பின்னால் நின்ற வெள்ளைக்காரர் அதை வீடியோ எடுத்துக்கொண்டார்.

அப்புறம் தம்பாக்சிரிங்கில் உள்ள திர்த்தா எம்புல். ஊற்றைச் சுற்றி 962-இல் எழுப்பிய கோயில். மாயதானவன் என்ற அசுரன் நஞ்சு கலந்த ஊற்றை உண்டாக்கி இந்திரனின் படையை வீழ்த்தினானாம். இந்திரன் நிலத்தைக் குத்திப் பிளந்து இந்த நல்ல ஊற்றை வரவழைத்து, மாண்டவர்களை எழுப்பினான் என்பது கதை. எங்கள் பக்கமும் தண்ணீருக்குக் கதை உண்டு. பாம்பு போன தடத்திலேயே காலிங்கராயர் வாய்க்கால் வெட்டினார் என்றுதான் பவானியில் பிறந்த நான் கேட்டு வளர்ந்தேன். 1283-இல் முடிந்த அந்த வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

குளிக்கப் பச்சைச் சேலைத்துணி ஒன்றை வாடகைக்குத் தருகிறார்கள், அதைக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தது. காலுக்கடியில் மீன்கள். இடது ஓரத்திலிருந்து தொடங்கி, ஊற்றுநீர் கொட்டுகிற ஒவ்வொரு தூம்பாகக் கைகூப்பித் தலையைக் கொடுத்து நகர வேண்டும். சில தூம்புகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. அவற்றைத் தொடாமல் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முன்னால் நின்ற பாலிக்காரப் பாட்டி எங்களையும் கையைப் பிடித்துத் தாண்டவைத்தார். பவானிக் கூடுதுறையில் முழுக்குப் போட்டு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் புதிதாகவே படவில்லை.

உடை மாற்றிக்கொண்டு உள்பிரகாரம் போனால் மூலவரைத் தேடிக் கண் அலைகிறது. சிலை கிடையாது. மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி சுற்றிய மேடைகள், ஆளில்லாத கல் ஆசனம். சாமி விழாவுக்கு வந்து அமர்வார் என்பது அவர்கள் நம்பிக்கை. சற்றுத் தள்ளி, கல் கட்டிய குளத்தில் ஊற்று. தெளிந்த நீருக்கடியில் கருமணல் உலைநீர் கொதிக்கிறாற்போல் அங்கங்கே பொங்கிப் பொங்கி அடங்குகிறது. எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தோம் என்றே தெரியவில்லை.

வெள்ளுடுத்திய பூசாரி எங்களையும் தரையில் உட்காரச் சொன்னார். விரல்நுனியில் பூவைப் பிடித்துத் தலைக்குமேல் கும்பிட்டோம். தீர்த்தம் தெளித்தார், மூன்று வாய் குடிக்கக் கொடுத்தார். கடைசியில் ஈர அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு உதிர்ந்துகொண்டே இருந்தது, இவருக்கு மட்டும் அப்படியே நின்றது.

கோயில் நீர் வெளியே பக்ரிசான் ஆற்றில் சேர்ந்து வயலுக்குப் போகிறது என்று டிரைவர் சொன்னதும் இவர் முகமே மாறிவிட்டது. கோபியில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் இவருடையது. பாலியில் சுபக் என்று பாசனக்காரர் சங்கங்கள் இருக்கின்றன. சங்கத்துக்கு ஒரு கோயில், நடவும் தண்ணீர் முறையும் அங்கே கூடிப் பேசி முடிவாகிறது. ஒரே சமயம் நட்டு ஒரே சமயம் தரிசு போடுவதால் பூச்சியும் குறைகிறது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

"மேல்மடைக்காரன் கூடுதலாத் தண்ணியத் திருப்பிக்கிட்டா என்னங்க பண்ணுவீங்க?" இவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியின் தமிழ் இது. அபராதம் உண்டு, அதைவிடக் கோயிலில் எல்லார் முன்னாலும் பேச்சு வரும் என்று டிரைவர் சொன்னார். "பாத்தியா அம்மிணி, கடைமடைக்காரனுக்கும் சாமி முன்னாடி வாய் இருக்குது" என்றார் இவர். எனக்குக் கோயில் என்றால் தீபாராதனை, பிரசாதம், கொஞ்சம் நிம்மதி. மடைச் சண்டையைத் தீர்க்கிற சாமியிடம் இவர் அத்தனை பயபக்தியாக நின்றதைப் பார்த்து நானும் இன்னொரு முறை கும்பிட்டுக்கொண்டேன்.

பக்கத்திலேயே குனுங் காவி. நெல்வயல்களுக்கு நடுவே படியிறங்கினால், ஆற்றின் இரு கரையிலும் பாறையைக் குடைந்து, சுமார் 7 மீட்டர் உயரமுள்ள பத்து நினைவுக் கோயில்கள். 11-ஆம் நூற்றாண்டு வேலை. இறங்குவது சுகம், திரும்ப ஏறும்போதுதான் தெரியும். "சென்னிமலையில 1320 படி ஏறுறவங்க நாம, இதெல்லாம் ஒரு படியா?" என்றார் இவர். வழியில் இளநீர்க் கடை வந்ததும் முதலில் உட்கார்ந்தது அவர்தான்.