மல்லாக்கப் படுத்த நான்கு சனிக்கிழமைகள்

வண்டி 2003 செவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர ஓட்டம், மீட்டரில் 1,68,000 மைல். ஹூஸ்டனில் எனக்கு வாய்த்த முதல் பிக்கப் இது. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு தடவைகூட மாற்றவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் மாற்றியிருக்க மாட்டார் என்பது அடியிலிருக்கும் ஆயில் தட்டைக் கழற்றியபோது தெரிந்தது. ஆகவே இதில் நொந்துகொள்ள யாரும் இல்லை. வண்டியைக் கட்டி இழுத்தவன் நான், கவனிக்காமல் விட்டவனும் நான்.

தொந்தரவு இதுதான்: காலையில் வண்டி எடுத்து முதல் சிக்னல் தாண்டும்போது ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு விழுவது தெளிவாக இருக்காது. எஞ்சின் ஒரு நொடி உறுமி, அப்புறம் வழுக்கிக்கொண்டே போய் உட்காரும். பின்னால் இழுத்துப் போகும் 1,600 கிலோ கேம்பர் வண்டியை மாட்டினால் அந்த வழுக்கல் இன்னும் நீளும்.

உள்ளே இருப்பது 4எல்60ஈ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1982-ல் 700ஆர்4 என்ற பெயரில் வந்த பெட்டிதான், 1990-ல் 4எல்60 ஆனது. 1993-லிருந்து கம்ப்யூட்டர் கட்டுப்பாடு சேர்ந்து பெயர்க் கடைசியில் ஈ ஒட்டிக்கொண்டது. நாலு என்றால் முன்னோக்கிய நாலு கியர். எல் என்றால் எஞ்சினோடு நீளவாக்கில் உட்காரும் பெட்டி. முதல் கியர் விகிதம் 3.06, இரண்டாவது 1.63. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட உதவுவது ஒரு பிரேக் பட்டை. டிரம்மைச் சுற்றி இறுகப் பிடிக்கும் பட்டை அது, பிடித்தால் இரண்டாவது, இன்னொரு கிளட்சோடு சேர்ந்து பிடித்தால் நாலாவது. என் வண்டியில் வழுக்குவது அந்தப் பட்டைதான் என்று முடிவு கட்டி, கார்வெட் சர்வோ ஒன்றை வாங்கி வைத்துவிட்டேன். பட்டையை அழுத்தும் பிஸ்டன் இது, கொஞ்சம் பெரிய முகம் உள்ளது. இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதலில் வாங்கும் சாமான் இதுதான். கையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும்.

அன்று இரவு நாமக்கல் மாமாவிடம் வாட்ஸாப்பில் பெருமையாகக் காட்டினேன். மாமா முப்பது வருஷமாக லாரி பட்டறை வைத்திருப்பவர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அவர் பிரித்ததே இல்லை.

"அது கெடக்கட்டும் மாப்ள. பொட்டிக்குள்ள ஆயிலு எத்தன சூட்டுல ஓடுது?"

"பாக்கலீங்க மாமா. அதுக்கு மீட்டர் இல்ல."

"மீட்டர் இல்லாம எதுக்குச் சாமான் வாங்குன?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சர்வோ டப்பா அலமாரிக்குப் போனது.

என் டாஷில் கியர்பாக்ஸ் சூடு காட்டும் முள் கிடையாது. ஆனால் பெட்டிக்குள் சென்சார் இருக்கிறது. ஆயில் தட்டுக்கு மேலே, ஆயிலை அந்தந்தக் கியருக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியோடு ஒட்டிய பிரஷர் சுவிட்சுக் கட்டிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஒரு புளூடூத் துண்டைச் செருகி, போன் ஆப்பில் ஜிஎம் (செவர்லேயின் தாய்க் கம்பெனி) வண்டிக்கான குறியீட்டைச் சேர்த்தால் அந்த எண் தெரிகிறது. தட்டில் இருக்கும் ஆயிலின் சூடு மட்டும்தான் இது. எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வரும் ஆயில் இதைவிடக் கொதித்துக்கொண்டிருக்கும்.

கார்னர் ஸ்டேட் பார்க்குக்குக் கேம்பரோடு போனபோது பார்த்தேன். சுற்றுவழிதான், ஆனால் மேடு வேண்டுமென்றே ஐ-10-ல் போனேன். சான் அன்டோனியோ வரைக்கும் சமதளம், எண் 195 பாரன்ஹீட்டில் அசையாமல் நின்றது. போர்னி தாண்டி கெர்வில் நோக்கி ஏற ஆரம்பித்ததும் ஆட்டம் தொடங்கியது. நாலாவதிலிருந்து மூன்றுக்கு இறங்கும், சற்று ஏறியதும் மறுபடி நாலு, மறுபடி மூன்று. கன்வர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் நேராகப் பூட்டும் லாக் விட்டுவிட்டுப் பிடிக்கும். லாக் விட்ட நேரமெல்லாம் எண் ஏறியது. ஒரு நீண்ட மேட்டில் 235, அதாவது 113 செல்சியஸ். பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்திருந்த மகள் ஒவ்வொரு எண்ணையும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு பாட்டு கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கன்வர்ட்டருக்குள் எஞ்சின் பக்கத்து விசிறியும் பெட்டிப் பக்கத்து விசிறியும் ஆயில் மூலமாகத்தான் ஒன்றையொன்று சுற்ற வைக்கின்றன. லாக் விழாதவரை இரண்டுக்கும் வேக வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாக மாறி ஆயிலுக்குள் இறங்குகிறது. ஆக, நான் இரும்பு சாமான் வாங்கி வைத்திருந்தேன், வண்டிக்கு வேண்டியிருந்தது காற்று.

முதல் சனி, கூலர். அடுக்குத் தகடு வகை, கனத்த புத்தகம் அளவு. ஏசி கண்டன்சருக்கு முன்னால் உட்கார வைத்தேன். கூடவே வந்த பிளாஸ்டிக் ஊசிகளைக் கண்டன்சர் இறக்கைகளுக்குள் குத்தி இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், வண்டி குலுங்கக் குலுங்க இறக்கை அறுந்து ஏசி கேஸ் போகும். இரண்டு அலுமினியப் பட்டை வெட்டி, ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டினேன். வரிசை முக்கியம்: பெட்டியிலிருந்து ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலருக்கு, அங்கிருந்து புதுக் கூலருக்கு, அப்புறம் பெட்டிக்குத் திரும்பல். ரேடியேட்டரைத் தாண்டி விடாமல் வைத்தால் டிசம்பர் காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கவும் அது உதவும். ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே விற்பது, பெட்ரோல் ஹோஸ் இல்லை. ஒரு கிளிப் சரியாக உட்காராமல் ராத்திரி முழுக்கச் சொட்டி, காலையில் டிரைவ்வேயில் பழுப்பாக ஒரு குட்டி ஏரி. "ஏங்க, கோலம் போட இடம் மிச்சம் வைப்பீங்களா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

இரண்டாம் சனி, ஆயிலும் பில்டரும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன். ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்க வேண்டாம். தட்டைச் சுற்றி 16 போல்ட். ஷிஃப்ட் கேபிளைப் பிடித்திருக்கும் தகடு ஒன்று தட்டின் ஓரத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது, அதைத் தளர்த்தாமல் அங்கிருக்கும் போல்ட்டுகளுக்கு ஸ்பானர் போகாது. என் வண்டித் தட்டில் வடிகால் திருகும் கிடையாது. பின்பக்கம் எல்லாவற்றையும் கழற்றி, முன்பக்கம் இரண்டை மட்டும் தளர்த்தி விட்டுச் சரித்து வடிக்க வேண்டும். சரித்தேன். பாக்கிங் பிடித்துக்கொண்டு வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினேன். மொத்தமாக வந்தது. முகத்தில் பாதி, பாத்திரத்தில் பாதி.

புது ஆயில் ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் இருக்கும். வந்தது கடுங்காப்பி. மாமா முன்னமே சொல்லியிருந்தார், "மோந்து பாரு மாப்ள, கருகுன வாட வந்தா மூடி வெச்சிரு." மோந்தேன். பழைய எண்ணெய் வாடைதான், தீய்ந்த கிளட்ச் பிளேட் வாடை இல்லை. தட்டின் மூலையில் ஒரு காந்தம் கிடந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், விபூதியைக் குழைத்துப் பூசியது மாதிரி ஒரு படலம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கவில்லை, மை மாதிரி பரவியது. இத்தனை மைலுக்கு இது சகஜம். கருப்புச் செதிலோ, கையில் குத்தும் இரும்புத் துணுக்கோ, பித்தளை மினுக்கமோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும்.

பில்டரை இழுத்தால் கையோடு வரும். அதன் கழுத்தைப் பிடித்திருந்த சீல் வராது, பம்ப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அது தெரியாது. புது சீல் மாட்டிய புது பில்டரை அரைமணி நேரம் மேலே குத்திக்கொண்டிருந்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் பழையது உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறது. சின்ன உளியால் அதன் ஓரத்தை உள்பக்கமாக மடக்கி, மூக்குக் குறடால் பிடுங்கினேன். சுற்றியிருக்கும் அலுமினியத் துளையில் கோடு விழக் கூடாது. விழுந்தால் பம்ப் அங்கே காற்றை இழுக்கும், புது ஆயில் நுரைத்துப்போகும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆழத் தட்டு, மட்டத் தட்டு என இரண்டு வகை உண்டு, பில்டரும் வேறு வேறு. முதலில் தவறானதை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

பில்டர் இறங்கிய இடத்தில் ஒன்று-இரண்டு அக்யுமுலேட்டர் கண்ணுக்கெதிரே தெரிகிறது. மூன்று போல்ட், வால்வ் பாடியை இறக்கத் தேவையில்லை. பட்டை திடுமென்று பிடிக்காமல் மெத்தென்று பிடிக்க வைக்கும் சின்னப் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கின்றன. என்னுடையது பிளாஸ்டிக் பிஸ்டன். நடு ஓட்டையில் ஊசியைச் செருகி ஆட்டினால் ஆடுகிறது, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டது. இரண்டாம் கியருக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கு இந்த இடைவெளி வழியாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அலுமினியப் பிஸ்டன் போட்டேன். கைக்குள் அடங்கும் சாமான், வழுக்கலில் முக்கால்வாசி இதோடு போயிற்று. சர்வோ அப்போதும் அலமாரியில்தான்.

மூடும்போது பில்டரோடு வந்த தக்கை பாக்கிங்கைப் போடவில்லை. கம்பெனி பாக்கிங் தகட்டின்மேல் ரப்பர் வார்த்தது, கிழியாமல் இருந்தால் துடைத்துத் திரும்பப் போடலாம். போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும். மணிக்கட்டு முறுக்கு அளவுதான். இறுக்க இறுக்க ஒழுகாது என்று நினைத்தால் தட்டின் ஓரம்தான் வளையும்.

ஊற்றியது டெக்ஸ்ரான் 6 வகை கியர்பாக்ஸ் ஆயில். இந்த வண்டி வந்த காலத்தில் டெக்ஸ்ரான் 3. 2005-ல் வந்த 6 அதற்கு மாற்றாகவே வந்தது, பழைய பெட்டிக்கும் ஊற்றலாம். தட்டைக் கழற்றினால் இறங்குவது 4.7 லிட்டர் அளவு. மொத்தக் கொள்ளளவு 10.6. மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கிறது. அளவு பார்ப்பது எஞ்சின் ஆயில் மாதிரி இல்லை: வண்டி சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கில் வைத்துக் குச்சியை எடுக்க வேண்டும். நான் முதலில் அணைத்துவிட்டுப் பார்த்து, நிறைய இருக்கிறதென்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் சனி, அந்த அழகான சர்வோ. பயணி பக்கம், பெட்டியின் விலாவில் வட்ட மூடிக்குள் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய் வழி மறிக்கிறது. மூடியை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே கம்பி வளையத்தை நெம்பி எடுக்க வேண்டும், அதற்கு மூன்று கை வேண்டும். இரண்டரை மணி நேரம், இரண்டு விரல் தோல். ஊசி பழையதே, பிஸ்டனும் ஓரிங்கும் புதிது, வேறு எதுவும் சொல்வதற்கில்லை. இப்போது இரண்டாம் கியர் 'டக்' என்று விழுகிறது. காலுக்குச் சுகமாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். சூட்டு எண்ணில் ஒரு டிகிரி மாற்றமில்லை.

நாலாம் சனி, இரண்டாம் முறை ஆயில். 500 மைல் ஓட்டியபின் மறுபடி வடித்தேன். முதல் முறையில் 44 விழுக்காடுதான் புதிது, இரண்டாவதில் அது ஏறக்குறைய 70 ஆகிறது. பழைய பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். பிளேட் ஏற்கனவே தேய்ந்து அந்தத் தூள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற நிலையில் அது உண்மையாக இருக்கலாம். என் ஆயில் கருகவில்லை, அதனால் துணிந்தேன். மெஷின் வைத்து மொத்தமாக வெளியேற்றும் வேலைக்கு மட்டும் போகவில்லை. தட்டைக் கழற்றிய கையோடு ஓட்டை போட்டு ஒரு வடிகால் திருகும் வைத்தேன், உள்ளே பில்டரில் இடிக்காத மூலையாகப் பார்த்து. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து உதிரிபாகக் கடையில் கொடுத்தேன், காசு கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

போன வாரம் அதே கேம்பர், அதே மேடு. இந்த முறை கியர் கம்பி நுனியில் இருக்கும் டோ-ஹால் (சுமை இழுக்கும்போது போடும்) பொத்தானை அழுத்தி, போர்னியிலிருந்தே மூன்றாம் கியரில் நிறுத்தி ஏற்றினேன். நாலாவதுக்குப் போகும்போதெல்லாம் பிடிப்பதும், மூன்றுக்கு இறங்கும்போதெல்லாம் விடுவதும் அந்தப் பிரேக் பட்டைதான். ஒவ்வொரு மூன்று-நாலு ஆட்டமும் அதன் ஆயுளில் ஒரு கடி. எஞ்சின் கத்தியது, பெட்ரோலும் கூடத்தான் குடித்தது. மகள் ஸ்கோர் சொன்னாள்: 180, 185, 188. உச்சியில் 190, 88 செல்சியஸ். இறக்கத்தில் 170.

கியர் மாறும் விதத்தை மாற்றும் சாமான்கள் அடங்கிய, வால்வ் பாடிக்கான ஷிஃப்ட் கிட் ஒன்றும் ஆசையில் வாங்கியிருந்தேன். வேஸ்லினில் ஒட்டவைத்து ஏற்ற வேண்டிய ஏழெட்டுக் குண்டுகள், எந்தக் குழி எதற்கு என்ற படம், ஒன்று மாறினால் ரிவர்ஸ் போகாது. இந்த எண்களைப் பார்த்த பிறகு அதைப் பிரிக்க அவசரம் வரவில்லை. மாமாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

"செல்சியஸ்ல சொல்லு மாப்ள."

"88 மாமா."

"அந்தக் கிளிப்பு ஒழுகுறது நின்னுச்சா?"

நின்றுவிட்டது என்று அனுப்பிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பார்த்தேன்.