கானாடுகாத்தானிலிருந்து அண்ணாமலைநகர் விடுதிக்கு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் என் மகளுக்கு முதுகலைத் தமிழ் படிக்க இடம் கிடைத்தவுடன், விடுதியும் கூடவே கிடைத்துவிடும் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். எங்கள் ஊரான கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. "நம்ம ராசா கட்டுனது, நம்ம பிள்ளைக்கு இடமில்லைன்னா சொல்லப் போறாக?" என்று ஆத்தா கேட்டார்கள். மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அது தொடங்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் 2013இல் அரசு ஏற்றுக்கொண்ட பிறகு ஊர்ப் பெருமைக்கு விண்ணப்பத்தில் கட்டம் ஏதும் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

விடுதிக்குக் கேட்ட தாள்களில் எங்களை அலைக்கழித்தது இருப்பிடச் சான்று ஒன்றுதான். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எங்கள் வீடும் அப்படியே; போதாக்குறைக்குப் பங்காளிகள் அனைவருக்கும் ஒரே கதவிலக்கம். ஆதாரில் முகப்புத் தெருவும், பின்கட்டில் குடியிருப்பதால் குடும்ப அட்டையில் பின் தெருவும் பதிவாகியிருந்தன. இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டிப் பதிந்த விண்ணப்பம், முகவரி பொருந்தவில்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

பேரூராட்சியின் வீட்டுவரி ரசீதை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். அவர் நேரிலேயே வந்தார். முகப்பில் நுழைந்து, நடு முற்றமுள்ள வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்து பின்வாசல் வழியே அடுத்த தெருவில் இறங்கி நின்று சிரித்துவிட்டு, இரு முகவரியும் ஒரே மனைதான் என்று தம் அறிக்கையில் எழுதினார். அதன் பிறகு சான்று தடையின்றி வந்தது. இரு தெரு வாசல் உள்ள வீட்டுக்காரர்கள், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

பகடிவதைக்கு எதிரான உறுதிமொழியை மாணவியும் பெற்றோரும் இணையத்தில் அளிக்க வேண்டும். வரும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்ப் பாதுகாவலராகச் சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் கையெழுத்திட்டார்.

சேரும் நாளில் பல்கலைக்கழக வாயிலருகே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் இராசேந்திரனின் சிலையை மகளுக்குக் காட்டினேன். அவரும் நம் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைதான். விடுதி அலுவலகத்தில் சான்றுகளைச் சரிபார்த்து, முன்வைப்புத் தொகைக்கு ரசீது கொடுத்து, அறை எண்ணைச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. மாதச் செலவைத் தங்கியிருப்போர் தலையில் பகிர்ந்து உணவுக் கட்டணம் வரும் என்றும், ஊருக்குப் போவதானால் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்கள் கழிக்கப்படும் என்றும் விளக்கினார்கள். வெளியூர் அனுமதி கேட்டு அழைப்பதற்கு என் மனைவியின் கைப்பேசி எண்ணைப் பதியச் சொன்னேன். கடையில் வியாபார நேரத்தில் நான் யாருடைய அழைப்பையும் எடுப்பதில்லை.