ஏலகிரி மேல் கறுத்தால்

அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் ஒரு வாரம். நேற்று திருப்பத்தூரில் மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. மாங்காய் வற்றல் காயப்போட்டிருந்த அம்மா, “மழை வருமாடா?” என்றார். சென்னை ரேடார் படத்தில் ஒன்றுமே இல்லை. அது இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வருவதற்குள் சில கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். குட்டி மேகம் அதன் கண்ணில் படாது.

நான் மலையைத்தான் பார்ப்பேன். சரிவு சூடேறிக் காற்றை மேலே தள்ளும். ஈரப்பதம் இருந்தால் இரண்டு மணிக்கே ஏலகிரி மேல் காலிஃபிளவர் மாதிரி மேகம் பொங்கும். பொங்கியது. “நாலு மணிக்கு அடிக்கும்” என்றேன். அடிக்கவில்லை. சரி என்று அம்மா மறுபடி வற்றலைப் பரப்பினார். ஐந்தே முக்காலுக்குப் புழுதிக்காற்று, இடி, பத்து நிமிஷக் கொட்டல். ஜோலார்பேட்டையில் தம்பி வீட்டில் ஒரு சொட்டு இல்லையாம்.

வற்றல் இப்போது ஃபேன் காற்றில் காய்கிறது.