இதை யார் சொல்றது?

2022 செப்டம்பரில் சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வை முதல் முறையாக எழுதினேன், தமிழில். கட்டுரைத் தாளில் இரண்டு பகுதிகள், பகுதிக்கு 4 தலைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1000 முதல் 1200 சொற்களில் எழுத வேண்டும். நேரம் 3 மணி, மதிப்பெண் 250. அந்த ஆண்டு முதல் பகுதியில், பொருளாதாரச் சிறப்புக்குக் காடுகளே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. படித்ததுமே மகிழ்ச்சி. சிப்கோ இயக்கம், அமேசான், அரண் அதிகாரத்துக் குறள் ஒன்று, நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று நிரப்பி, மரம் வளர்ப்போம் என்று முடித்தேன். இரண்டு கட்டுரைக்கும் சேர்த்துக் கிடைத்தது 91.

எங்கே தவறு என்று உண்மையிலேயே புரியவில்லை. மாதிரித் தேர்வு எழுதிய பயிற்சி மையத்தில் என் தாளில் "முன்னுரை நன்று, உள்ளடக்கம் மேம்பட வேண்டும்" என்று எழுதித் தந்திருந்தார்கள். அறை நண்பனின் தாளிலும் அதே வரிதான்.

2023 ஜூனில் முதல்நிலைத் தேர்வு முடிவு வந்த பிறகு, அந்த நண்பன் மூலம் ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். வில்லிவாக்கத்தில் வீடு, அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஒரு காலத்தில் அவரும் முதன்மைத் தேர்வு எழுதியவர். ஒரே நிபந்தனை வைத்தார்: "நான் திருத்தித் தர மாட்டேன் தம்பி. பேனா உன் கையிலதான் இருக்கும்." ஞாயிறு காலை 7 மணிக்கு, ஒரு மணி நேரம், நானும் அவரும் மட்டும்.

முதல் ஞாயிறு அந்தக் காட்டுக் கட்டுரையையே மறுபடி எழுதி வரச் சொன்னார். வாங்கிப் படிப்பார் என்று நினைத்தேன். "வாய்விட்டு வாசி" என்றார். நான் வாசிக்க வாசிக்க அவ்வப்போது நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை யார் சொல்றது?" காடுகள் பூமியின் நுரையீரல் என்ற இடத்தில் கேட்டார். மனிதன் இயற்கையின் அங்கம் என்ற இடத்தில் கேட்டார். எங்கேயோ படித்தது என்பதைத் தவிர எனக்குப் பதில் இல்லை. நான்கு பக்கத்தில் 11 இடம்.

பிறகு, "நீ பார்த்த காடு எது?" என்றார்.

"எங்க ஊர்ல காடே இல்லக்கா. புதுக்கோட்டைப் பக்கம். தைலமரம்தான் இருக்கு."

"சரி, அதைச் சொல்லு."

இருபது நிமிடம் பேசியிருப்பேன். தைலமரங்கள் வரிசை பிடித்து நிற்பதை, அந்த இலையை ஆடு கடிக்காது என்பதை, சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி லாரியில் ஏற்றுவதை, வெட்டிய கட்டையே மறுபடி துளிர்ப்பதை. உள்ளே பெய்த மழை வெளியே போகாதபடி வரப்பு போட்டு வைத்திருப்பதால், கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துவாரி வறண்டு, எங்கள் கண்மாய் நிறைந்து பல வருடமாயிற்று என்பதை. அப்பா நெல் போட்ட வயலில் இப்போது கருவேலம் நிற்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் போனில் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். எனக்கு அனுப்பி, "ஒரு வார்த்தை மாத்தாம எழுதிட்டு வா" என்றார்.

அன்று இரவு எழுதியபோதுதான் என் வாக்கியங்களை முதல் முறையாகப் பார்த்தேன். "காட்டுல லாபம்தான், யாருக்கு லாபம்னு தெரியணும்னா லாரி போற திசையைப் பார்க்கணும்" என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தேன். எந்த மாதிரிக் கட்டுரைத் தொகுப்பிலும் இந்த வரி இல்லை. நூறு பேர் உட்காரும் வகுப்பில் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அங்கே தைலமரம் ஒரு பதில் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. எதிரே ஒருவர் உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று காத்திருந்ததால்தான் அது வெளியே வந்தது.

பேச்சை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவரும்போது பாதி செத்துப்போனது. "இலாப நோக்கின் திசைவழியே" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். கடைசியில் "காட்டின் லாபம் யாருக்குச் சேர்கிறது என்று அறிய, லாரி போகும் திசையைப் பார்த்தால் போதும்" என்று நின்றது. அந்த ஒரு வரிக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போனது. அது வீணான நேரம் என்று இன்றும் நினைக்கவில்லை.

அப்புறம் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நான்காவது, ஐந்தாவது வாரங்களில் எந்தத் தலைப்பு தந்தாலும் எங்கள் ஊர், எங்கள் கண்மாய், அப்பா. அப்போது அக்காவின் கேள்வி மாறியது: "சரி, படிக்கிறவருக்கு இதனால என்ன?" எனக்குக் கோபம் வந்தது. சொந்தக் குரலில் எழுதச் சொன்னதே அவர்தானே! ஆனால் யோசித்தபோது அவர் கேட்டது சரி. கண்மாய்க் கதையை ஆறு வரியில் நிறுத்தி, அங்கிருந்து வாதத்துக்குப் போகக் கற்றேன். தைலமரத் தோப்புக்கு ஒரே வரவு, மரம். காட்டுக்கு நீர், தீவனம், தேன், விறகு என்று பல வரவு. தோப்பின் கணக்கில் வராத நஷ்டம் பக்கத்து வயல்காரன் தலையில் எழுதப்படுகிறது. ஊரில் தொடங்கிய பேச்சு பொருளாதாரத்துக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு பழக்கம். கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வரும். தமிழில் எழுதுகிறவர் தலைப்பைத் தானே தமிழாக்கிக்கொள்ள வேண்டும். அதைக் கூடுதல் சுமை என்றே நினைத்திருந்தேன். ஒரே தலைப்பை ஐந்து விதமாகத் தமிழில் எழுதச் சொல்வார் அக்கா. எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்ப வேறொரு கட்டுரை திறக்கும்.

2023 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை காலை 9 மணி. சிந்தனை ஒரு விளையாட்டு மாதிரி, எதிரணி இல்லாமல் தொடங்காது என்ற தலைப்பை முதலில் எழுதினேன். சுமாராக வந்தது. இரண்டாவது பகுதியில் நீதியையும் கொடையையும் பற்றிய தலைப்பு. நீதி என்று எழுதி அடித்தேன். எங்கள் ஊரில் யாரும் நீதி என்று சொல்வதில்லை, நியாயம் என்றுதான் சொல்வார்கள். கொடை என்பதை அடித்து தர்மம் என்று போட்டேன். நியாயம் கூடுதலாக உள்ள சமூகத்துக்குத் தர்மம் குறைவாகவே தேவைப்படும். அந்த வரியைப் பார்த்ததும் கோடையில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி கண்முன் வந்தது. அனுப்பியவர் பெயர் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். குடத்தோடு வரிசையில் நிற்கும் அம்மா அவரைப் புண்ணியவான் என்பாள். வரத்துவாரி திறந்திருந்தால் அந்த லாரிக்கு வேலை இருந்திருக்காது. அங்கிருந்து தொடங்கினேன். கை நிற்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. பொது அறிவுத் தாள்கள் இழுத்துவிட்டன. கட்டுரையில் 127.

2024 அக்டோபர் 2 கிராம சபைக்காக வரத்துவாரி பற்றி ஒரு பக்க மனு எழுதினேன். முந்தின இரவு அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் மட்டும் நிறுத்தினார். "இது நீ இல்லையே தம்பி" என்றார். பார்த்தால், "பொதுநலன் கருதி உரிய நடவடிக்கை" என்று இருந்தது. அடித்துவிட்டு, "கார்த்திகைக்குள் கண்மாய்க்குத் தண்ணீர் வர வேண்டும்" என்று எழுதினேன்.