ரிட்டயர் ஆன ஹீரோவும் நாலு காலும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூக்கம் வரல, சரின்னு பழைய பிரிட்டிஷ் காமெடி படம் ஒண்ணு பார்த்தேன். பேரு வைல்ட் பாய், 1934ல வந்தது. நாய் ரேஸ்தான் கதை, டெர்பிங்கற பெரிய நாய் ரேஸ்ல ஒரு நாய் ஜெயிக்கக் கூடாதுன்னு கெட்டவங்க சதி பண்றாங்க, அவ்ளோதான், அதுக்கு மேல கதைன்னு பெருசா எதிர்பார்க்காதீங்க.

ஆனா அந்த நாய் இருக்கே! அது சும்மா ட்ரெயினிங் குடுத்து கூட்டிட்டு வந்த சினிமா நாய் இல்லங்க, மிக் தி மில்லர், அந்தக் காலத்து இங்கிலாந்துல நிஜமாவே சூப்பர்ஸ்டார். 1926ல அயர்லாந்துல ஒரு பாதிரியார் வளர்ப்புல பொறந்தது. அதே வருஷம் ஜூலைலதான் மான்செஸ்டர் பெல் வியூல இங்கிலாந்தோட முதல் ட்ராக் ரேஸே நடந்துச்சு, நிஜ முயலுக்குப் பதிலா மோட்டார்ல ஓடுற பொம்மை முயல விட்டு அது பின்னாடி நாய்ங்கள ஓட விடுறது. குதிரை ரேஸுக்குப் போக காசும் நேரமும் இல்லாத மில் தொழிலாளிங்க, வேலை முடிஞ்சு சாயங்காலமா வந்து பெட் கட்ட தோதா இருந்ததால சட்டுனு புடிச்சுக்கிச்சு.

1929ல லண்டன் ஒயிட் சிட்டில, அதான் 1908 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டின ஸ்டேடியம், அங்க 525 கெஜத்த 30 செகண்டுக்குள்ள ஓடின முதல் நாய் இதுதான். அந்த வருஷ டெர்பி ஃபைனல்ல நாய்ங்க மோதிக்கிட்டு ரேஸ் செல்லாதுன்னுட்டாங்க, திரும்ப ஓட விட்டாங்க, அப்போ இதுதான் ஜெயிச்சுது. 1930லயும் டெர்பி இதுக்குத்தான். 1931லயும் ஃபைனல்ல முதல்ல வந்துச்சு, ஆனா அதையும் செல்லாதுன்னு சொல்லி மறுபடி ஓட விட்டாங்க, இந்த தடவ கோட்டை விட்டுடுச்சு. பாவம்ல?

அந்த வருஷக் கடைசிலயே ரிட்டயரும் ஆயிடுச்சு. அதாவது படம் வந்தப்போ நாயோட வயசு ஏழரைக்கு மேல, ரேஸ் நாய்க்கு அது கெழட்டு வயசு! அம்பது வயசு ஹீரோ காலேஜ் ஸ்டூடண்டா வர்றதெல்லாம் நம்மளே கண்டுபிடிச்சதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஃப்ளானகன், ஆலன்னு மேடைக் காமெடி ஜோடி ஒண்ணும் படத்துல இருக்கு. ஃப்ளானகன்தான் பின்னாடி 1968ல டாட்ஸ் ஆர்மிங்கற பிரிட்டிஷ் டிவி சீரியலுக்கு டைட்டில் பாட்டு பாடினவர். இவங்க ஜோக்கெல்லாம் எனக்கு பாதிக்கு பாதிதான் சிரிப்பு வந்துச்சு, பேச்சு அவ்ளோ ஸ்பீடு. மனுஷங்க எல்லாம் கத்தி கலாட்டா பண்ணிட்டு இருக்கறப்போ நாய் மட்டும் எதையும் கண்டுக்காம நிக்குது பாருங்க, எனக்கு அதுதான் காமெடி.

மிக் 1939ல செத்துப்போச்சு. உடம்ப பாடம் பண்ணி இங்கிலாந்துல டிரிங்கற ஊர்ல இருக்கற மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்க வெச்சிருக்காங்க. படம் முடிஞ்ச கையோட அந்த ஃபோட்டோவத் தேடிப் பார்த்தேன், அதே நிதானத்தோடதான் நிக்குது.