பழைய வீட்டுத் தேக்கில் புதிய தரை

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத மரத்தரை வேண்டுமென்றால், ஏற்கெனவே வெட்டிய மரமே முதல் தேர்வு. காரைக்குடிப் பக்கம் இடிபடும் பழைய வீடுகளின் உத்தரங்களும் கைமரங்களும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பல, அந்தக் காலத்தில் நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு. நன்றாக வைரம் பாய்ந்தது. தோட்டத்தில் 20, 25 வருடத்தில் வெட்டும் தேக்கில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மென்மரம், அதிகம். கரையானும் பூச்சியும் முதலில் நுழைவது அங்கேதான். ஒன்று மட்டும்: செதுக்கிய தூண்களையும் நிலைகளையும் பலகையாக அறுக்காதீர்கள். அது பெரிய இழப்பு.

புதிய பர்மாத் தேக்கு என்று யாராவது விற்றால் யோசியுங்கள். உருட்டுக்கட்டை ஏற்றுமதிக்கு மியான்மர் 2014இல் தடை போட்டது. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. புதிய மரம்தான் வேண்டும் என்றால் எஃப்எஸ்சி சான்று, அதாவது காட்டை அழிக்காமல் பொறுப்பாக எடுத்த மரம் என்பதற்கான சான்று, கேளுங்கள். பலகையில் ஒட்டிய முத்திரை போதாது. விற்பவரின் சான்று எண் பில்லில் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்எஸ்சி இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ரப்பர் மரம் நல்லது. பால் வற்றி எப்படியும் வெட்டப்போகும் மரம் அது. போரான் மருந்து ஏற்றியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் பூச்சி அரித்துவிடும்.

'வுடன் ஃப்ளோரிங்' என்ற பெயரில் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் லேமினேட்: மரத்தூள் பலகை மேல் அச்சடித்த காகிதம். அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. பல அடுக்கு எஞ்சினியர்டு பலகை வாங்கினால், மேலடுக்கில் உள்ள அசல் மரம் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு, அதற்கான ஐரோப்பிய வரம்பான இ1 தரத்துக்குள் இருக்க வேண்டும்.

பழைய மரத்தைக் கன அடியில் வாங்கும்போது கணக்கு தப்பிவிடும். 10க்கு 12 அடி அறை, 120 சதுர அடி. முக்கால் அங்குலப் பலகைக்கு 7.5 கன அடி மரம் என்று தோன்றும். இழைத்தபின் முக்கால் அங்குலம் நிற்க, ஒரு அங்குலமாவது அறுக்க வேண்டும். அதுவே 10 கன அடி. ரம்பத்தூள், ஆணித்துளை, வெடிப்பு, பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் நாக்கு-காடியில் போகும் அகலம் எல்லாம் சேர்த்தால் 14, 15 கன அடி வாங்க வேண்டியிருக்கும். அறுப்பதற்கு முன் மெட்டல் டிடெக்டர் வைத்து ஒவ்வொரு ஆணியையும் பிடுங்குங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், ரம்பம் போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது.

மரத்தரை கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். அறுத்த பலகைகளை இடையில் சிறு சட்டம் கொடுத்து, போடப்போகும் வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். ஈரம் அளக்கும் மீட்டரில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் போடாதீர்கள். புதிய கான்கிரீட் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டும். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, மூன்று நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பலகை நாலு அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். அகலம் கூடினால் ஈரத்துக்கு விரிவதும் கூடும். சுவரோரம் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள்.

மேல்பூச்சுக்கு, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ் நீடிக்கும், ஆனால் கீறல் விழுந்தால் முழுத் தரையையும் தேய்க்க வேண்டும். ஹார்டுவாக்ஸ் எனப்படும் மெழுகு கலந்த எண்ணெயில் கீறிய இடத்தை மட்டும் சரிசெய்யலாம் என்பதால் நான் அதையே சொல்வேன். வாளித் தண்ணீரை ஊற்றித் துடைக்கும் பழக்கம் இந்தத் தரையில் கூடாது. நன்றாகப் பிழிந்த துணி போதும்.

மழைக்காலத்தில் பலகையின் ஓரங்கள் தூக்கி நடுவில் குழிந்தால், உடனே மெஷின் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்திவிட்டு, காயவிடுங்கள். ஈரத்தோடு ஓரத்தைத் தேய்த்துவிட்டால், காய்ந்தபின் ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும்.