நல்லவேளை, அது நாய்வேளை

மட்டக்களப்புப் பக்கம், பதுளை வீதியில் கரடியனாறு தாண்டியதும் மச்சானிடம் மோட்டார்சைக்கிளை நிறுத்தச் சொன்னேன். வீதியோரம் முழுக்க மஞ்சள். மாரி மழை ஓய்ந்து மூன்று கிழமை, நிலத்தில் ஈரம் இன்னும் இருக்கிறது. கண்ட செடியெல்லாம் பூக்கிற பெப்ரவரி.

"கடுகு" என்றேன்.

காடு வெட்டிப் பயிர்செய்யும் சேனைக்குள் சோளனோடும் குரக்கனோடும் கடுகு தூவுகிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. சிந்தின விதை அடுத்த மாரிக்குத் தானாக முளைக்கும். அப்படிக் காடாகிப்போன கடுகைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பத்துப் படம் எடுத்தேன். "காட்டுக் கடுகு" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியும் விட்டேன். ஒரு கொப்பை முறித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதுதான் பிழை.

புல்லுமலைப் பக்கம் மச்சானுடைய பெத்தாவின், அதாவது பாட்டியின், வளவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெத்தாவுக்கு எண்பதுக்கு மேல். படலையில் நின்றவர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கொப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"இதை ஏன் மனே சுமந்து திரியிறாய்?"

"கடுகு பெத்தா."

"ஆரு சொன்ன? இது நாய்வேளை. கையை மணந்து பார்."

மணந்தேன். பச்சை நெடி ஒன்று மூக்கில் ஏறியது. விரல்கள் பிசுபிசு என்று ஒட்டின. செடியை வெளிச்சத்தில் பிடித்தால் தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் பொடி மயிர், அதன் நுனியில் பசை. இரண்டு மூன்று சிறு பூச்சிகள் அதில் சிக்கிச் செத்துக் கிடந்தன. கடுகுச் செடி கையில் ஒட்டாது. பத்துப் படம் எடுத்தவன் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

பெத்தா என்னைச் சேனை ஓரத்துக்குக் கூட்டிப்போய் உண்மையான கடுகைக் காட்டினார். ஏழெட்டுச் செடிதான் நின்றது. இரண்டையும் பக்கத்தில் பிடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டுக்கும் நாலு இதழ். ஆனால் கடுகின் நாலும் நாலு திசைக்கு விரிந்து சரியான சிலுவை போல நிற்கின்றன. கடுகுக் குடும்பத்தின் பழைய இலத்தீன் பெயருக்கே சிலுவை சுமப்பவை என்றுதான் பொருள். நாய்வேளையின் நாலு இதழும் ஒரே பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, விசிறியைப் பாதி விரித்த மாதிரி. பூவுக்குள் கடுகுக்கு ஆறே மகரந்தத் தாள், நாலு நெட்டை, இரண்டு குட்டை. நாய்வேளையில் பத்துக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். இலையைப் பார்த்திருந்தால் பூவுக்கே போக வேண்டியதில்லை. கடுகுக்கு ஒற்றை இலை, கீழ்ப்பக்கம் மட்டும் கிழிந்த மாதிரி இருக்கும். நாய்வேளைக்கு ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலை, விரல் விரித்த கை போல.

ஆனால் பெத்தா பூவையும் பார்க்கவில்லை, இலையையும் பார்க்கவில்லை. நேரே காய்க்குப் போனார். காய்ந்த கடுகுக் காய் ஒன்றை நகத்தால் கீறினார். இரண்டு ஓடும் கழன்று விழ, நடுவில் வெங்காயச் சருகு போல மெல்லிய திரை நின்றது, அதன் இரு பக்கமும் விதை. நுனியில் விதையில்லாத கூர் அலகு. நாய்வேளைக் காயில் திரையும் இல்லை, அலகும் இல்லை. விதையை உள்ளங்கையில் கொட்டினால் கடுகு உருண்டு ஓடுகிறது. மற்றது சுருண்ட நத்தை போல, மேலே வரி வரியாக இருக்கிறது.

"அப்ப வேளை எது பெத்தா?"

மாட்டுப்பட்டியைக் கைகாட்டினார். சாணி மண்ணில் இடுப்பளவுக்கு நின்றது நல்லவேளை. வெள்ளைப் பூ. நாய்வேளைக்கு உடன்பிறப்பு என்றாலும் பூவின் கட்டுமானம் வேறு. பூ நடுவிலிருந்து ஒரு காம்பு எழும்புகிறது, பாதி வழியில் ஊதா நிற மகரந்தத் தாள் ஆறும் பிரிகின்றன, காம்பு இன்னும் மேலே போய் அதன் தலையில் காய் பிடிக்கிறது. பூவுக்கு மேல் இன்னொரு பூ முளைத்த மாதிரி. சங்கப் பாட்டொன்றில் எருத்தூள் பரந்த தெருவில் வேளை பூக்கிறது, அந்த வெண்பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் கூழ் சமைக்கிறாள். எரு, வெள்ளைப் பூ, மாடு, தயிர் என்று எல்லாம் அப்படியே புல்லுமலையில் என் முன்னால் நின்றன.

நாய்வேளைக்கு நாய்க்கடுகு என்றும் ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேளையா கடுகா என்று தமிழே முடிவெடுக்காமல் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. தாவரவியலாளர்களும் நீண்ட காலம் அப்படித்தான். முதலில் வேளைகளை மாவிலங்கு, ஆதொண்டைக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். 1998இல் வந்த மரபணு வகைப்பாடு எல்லாவற்றையும் கடுகுக் குடும்பத்துக்குள் போட்டது. 2009இல் மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது வேளைக்குத் தனிக்குடும்பம், ஆனால் கிட்டின சொந்தம் மாவிலங்கு அல்ல, கடுகுதான். கொஞ்சம் தூரத்துச் சொந்தத்தில் முருங்கையும் பப்பாளியும் வருகின்றன. முருங்கை வேரை இடித்தால் கடுகு நெடி அடிப்பது சும்மா இல்லை. நசுக்கும்போதுதான் அந்தக் காரம் பிறக்கும், முழுதாக இருக்கும்வரை அமைதி.

கடுகு மட்டும் என்ன, அதுவும் கலப்புத்தான். சேனைக் கடுகு கருங்கடுகும் இன்னொரு கடுகினமும் சேர்ந்து பிறந்த பிள்ளை என்று நாகஹாரு ஊ என்ற தாவரவியலாளர் 1935இல் நிறமூர்த்தக் (குரோமோசோம்) கணக்கோடு காட்டினார்: எட்டும் பத்தும் பதினெட்டு. அந்த இன்னொரு இனத்துக்கு மேல் இலைகள் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். பெத்தாவின் செடிகளில் தடவிப் பார்த்தேன், ஒரு இலையும் கட்டிப்பிடிக்கவில்லை. கருங்கடுகில் காய்கள் தண்டோடு ஒட்டி நிற்கும், இங்கே அவை விலகி நின்றன. சரி, இந்த முறை பிழை விடவில்லை.

யானை இறங்கும் நேரம் என்று மூன்றரைக்கே துரத்திவிட்டார்கள். ஒரு கட்டு வேளைக்கீரை தந்தார் பெத்தா. "அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சுண்டச் சொல்லு. கைக்கும்." வழியில் எருமைத் தயிர்ச்சட்டி ஒன்றும் வாங்கினோம்.

இரவு மனைவி பெத்தா சொன்னபடியே சுண்டினார். நான் சங்கப் பாட்டைச் சொல்லித் தயிரைக் கலந்தேன். கசப்பு முழுக்கப் போகவில்லை, எனக்குப் பிடித்தது. மகள் ஒரு வாய் தின்றுவிட்டு, வெறும் தயிர் இருக்கா என்று கேட்டாள்.